ஏற்றுமதியில் இறங்குவது எதனால்? வாசகர் கேள்வி – பதில்

சிறுதொழில் நடத்துபவர்கள் ஏன் ஏற்றுமதியில் இறங்குகிறார்கள், இறங்கியவர்களில் யார் நிலைக்கிறார்கள் என்பதைச் சுற்றியே இம்மாதக் கடிதங்கள் பலவும் வந்திருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். சிலர் தங்கள் வரவு செலவையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி (வாசகர், சென்னிமலை): ஐயா, நாங்கள் சில விசைத்தறிகள் வைத்துப் பெட்ஷீட்டும் துண்டும் ஓட்டி வடநாட்டு வியாபாரிகளுக்கு அனுப்புகிறோம். எங்களோடு தொழில் தொடங்கிய இருவர் இன்று நேரடி ஏற்றுமதியாளர்கள். லாபம் அதிகம் என்பதற்காகத்தான் எல்லோரும் ஏற்றுமதிக்குப் போகிறார்களா, வேறு காரணமும் உண்டா?

பதில்: கேட்டவுடன் லாபம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஏற்றுமதி தொடங்கிய கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்லச் சொன்னால் அந்தச் சொல் கடைசியில்தான் வரும். முதலில் வருவது உள்நாட்டு வியாபாரத்தில் பணம் வசூலிக்கும் பாடு. நீங்கள் நூலுக்கு ரொக்கமோ சில வாரத் தவணையோ கொடுக்கிறீர்கள். ஆட்களுக்கு வாரக்கூலி கொடுக்கிறீர்கள். டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ போன பேலுக்கு மட்டும் 90 நாள் என்று பேசி, 120 நாள் கழித்து, அதிலும் தள்ளுபடி என்றும் சரக்குக் குறை என்றும் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு பணம் வருகிறது. சிறுதொழிலுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தமோ, அந்தக் கெடுவுக்குள் தராத பாக்கியை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டுவரை, வாங்கியவர் செலவுக் கணக்கில் காட்டவிடாது. எனினும் சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துத் தறிக்காரருக்குப் போய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

இந்த நிலையில் இருப்பவரிடம் எல்.சி. என்ற ஒன்றை ஒருவர் விளக்கிச் சொல்கிறார்: கப்பலேற்றிய ஆவணங்களை ஒழுங்காக வங்கியில் கொடுத்தால், வாங்குபவரின் மனநிலை எப்படியிருந்தாலும் அவருடைய வங்கி பணம் கொடுத்தாக வேண்டும். துணி ஒரே துணிதான், விலையும் பெரிதாக உயரவில்லை. ஆனாலும் வசூலுக்கு ரயிலேற வேண்டியதில்லை என்பதே ஒருவரை ஏற்றுமதிப் பக்கம் திருப்பிவிடப் போதுமானதாக இருந்திருக்கிறது. இன்று பெரிய பிராண்டுகள் எல்.சி. கொடுப்பது குறைந்து, 60 நாள், 90 நாள் கடன் என்று அவர்களும் பேசுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் போகிறவர்கள் இன்று ஏமாறக்கூடும்.

இரண்டாவது காரணம், தேடாமல் வந்த ஆர்டர். திருப்பூரில் 1920களிலிருந்து பனியன் ஓடிக்கொண்டிருந்தாலும், நேரடி ஏற்றுமதியின் தொடக்கமாக அந்த ஊர் சொல்வது 1978-ஐ. மும்பை வணிகர்கள் வழியாகச் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த வெரோனா என்ற இத்தாலியர், அது தைக்கப்படும் ஊரைத் தேடிக்கொண்டு வந்துசேர்ந்தார். 1981-ல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியச் சில்லறை நிறுவனம் வந்தது. 1980களின் நடுவில்கூட ஆண்டுக்கு 20 கோடி ரூபாயை எட்டாத ஊரின் ஏற்றுமதி இன்று 30,000 கோடியைத் தாண்டிவிட்டது. திட்டம் போட்டு வெளிநாட்டுச் சந்தையை ஆராய்ந்து தொடங்கியவர்கள் அந்த முதல் தலைமுறையில் மிகச் சிலரே. வாசலில் வந்து நின்றவரை மறுக்காமல் சாம்பிள் தைத்துக் கொடுத்தவர்கள்தான் பலரும். பிரேசிலின் தென்கோடியிலுள்ள சீனோஸ் பள்ளத்தாக்கின் செருப்புத் தொழிலும் 1960களின் இறுதியில் அமெரிக்க வணிகர்கள் தேடிவந்ததால்தான் கடல் கடந்தது.

மூன்றாவது, பக்கத்துவீட்டுக்காரர். இதற்கு வங்கதேசத்தைவிடச் சிறந்த சான்று கிடையாது. 1970களின் இறுதியில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற வங்கதேச நிறுவனம் கொரியாவின் டேவூ நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டு, 130 பேரைப் பூசான் நகருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பிவந்தவர்களில் 115 பேர் அடுத்த சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்தைவிட்டு விலகி, சொந்தமாகத் தொழில் தொடங்கியோ, தொடங்கியவர்களிடம் சேர்ந்தோ அந்த வேலையைப் பரப்பிவிட்டார்கள். எல்.சி. எப்படித் திறப்பது, பையரிடம் (வெளிநாட்டிலிருந்து வாங்குபவரிடம்) என்ன பேசுவது, அளவுக் குறிப்பை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் கண்முன்னே ஒருவர் செய்து காட்டும்போது பயம் விட்டுப்போகிறது. உங்களோடு தொடங்கிய இருவர் ஏற்றுமதியாளர் ஆகிவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதில் அந்தத் தூண்டுதல் தெரிகிறது. அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நேராகக் கப்பலேற்றுவதற்குமுன், கரூர் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்கு நெய்து கொடுப்பவராக, இரண்டு சீசன் ஓட்டிப் பாருங்கள். சாயம் போகக்கூடாது, அளவில் ஓர் அங்குலம் குறையக்கூடாது, சொன்ன தேதி தவறக்கூடாது என்ற மூன்றும் உங்கள் தறியில் நடக்குமா என்பதை அடுத்தவர் ஆர்டரில் தெரிந்துகொள்வது மலிவு.

கேள்வி (வணிகவியல் மாணவர், கோயம்புத்தூர்): அரசின் சலுகைகளே சிறுதொழில்களை ஏற்றுமதிக்குத் தூண்டுகின்றன என்று பாடத்தில் படிக்கிறோம். இது எவ்வளவு உண்மை?

பதில்: பாதி உண்மை. சலுகை, ஏற்கெனவே ஏற்றுமதி செய்பவரை மேலும் செய்ய வைக்கும். செய்யாதவரைச் செய்ய வைப்பது அபூர்வம். வருமான வரிச் சட்டத்தில் 1983-ல் சேர்க்கப்பட்ட 80எச்.எச்.சி. பிரிவு ஏற்றுமதி லாபத்துக்கு வரிவிலக்குத் தந்து, 2000-க்குப் பிறகு படிப்படியாகக் குறைக்கப்பட்டு முடிவுக்கு வந்தது. அது இருந்த காலத்தில் திருப்பூர், கரூர்ப் பக்கம் பணம் தொழிலிலேயே திரும்பப் போடப்பட்டதற்கு அந்த விலக்கு ஒரு காரணம். ஆனால் அந்தப் பிரிவைப் படித்துவிட்டு பனியன் தைக்க வந்தவர் என்று ஒருவரைக் காட்டுவது கடினம். டிராபேக் என்று எல்லோரும் சொல்லும் வரித் திருப்பமும் அப்படித்தான்: விலை பேசும்போதே பையர் அதைக் கணக்கிட்டுக் குறைத்துக்கொள்வதால், வெகு விரைவில் அது சலுகையாக இல்லாமல் அடக்கவிலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் அதை ஆராய்ந்து எழுதினால் நல்ல ஆய்வேடாகும். இ.பி.சி.ஜி. திட்டத்தில், இறக்குமதி வரி கட்டாமல் இயந்திரம் கொண்டுவரலாம்; மிச்சப்பட்ட வரியின் ஆறு மடங்குக்கு ஆறு ஆண்டுகளில் ஏற்றுமதி செய்து காட்டவேண்டும். தவறினால் வரியை வட்டியோடு கட்டவேண்டும். நல்ல பின்னல் இயந்திரமோ தறியோ வேண்டும் என்ற ஆசையில் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு கெடு நெருங்க நெருங்க எந்த விலைக்காவது ஓர் ஏற்றுமதி ஆர்டர் வேண்டும் என்று அலைபவர்களுக்கு, ஏற்றுமதியின் தூண்டுதல் சந்தையிலிருந்து வரவில்லை, கடனிலிருந்து வருகிறது. அந்த நிலையில் எடுக்கும் ஆர்டர்களில் லாபம் இருப்பதில்லை.

சலுகையை மட்டும் நம்பி வந்தவர்கள் சலுகை போனபோது என்ன ஆனார்கள் என்பதற்கு ஜவுளிக் கோட்டாவைப் பாருங்கள். 1974 முதல் 2004 இறுதிவரை, பணக்கார நாடுகள் ஒவ்வொரு ஏழை நாட்டிலிருந்தும் இவ்வளவு ஆடைதான் வாங்குவோம் என்று அளவு வைத்திருந்தன. நம் நாட்டில் அந்த அளவைப் பங்கிட்டுக் கொடுத்ததில், கோட்டா கையில் இருப்பதே ஒரு சொத்தாகி, தைக்காமல் கோட்டாவை மட்டும் கைமாற்றிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். 2005 ஜனவரி முதல் தேதியோடு அந்தப் பிழைப்பு முடிந்தது. தைக்கத் தெரிந்தவர்கள் மிஞ்சினார்கள். பிற்காலத்தில் வந்த எம்.இ.ஐ.எஸ். என்ற ஏற்றுமதி ஊக்கத்தொகை முதலிய சில திட்டங்களை 2019 அக்டோபரில் உலக வணிக அமைப்பின் குழு விதிமீறல் என்று தீர்ப்பளித்தது, எம்.இ.ஐ.எஸ்.-க்குப் பதிலாக 2021-ல் வேறு திட்டம் கொண்டுவரப்பட்டது. ஏற்றுமதிக் கடனுக்கான வட்டிச் சலுகை 2015 ஏப்ரலில் வந்து, நீட்டிப்புமேல் நீட்டிப்பாக ஓடி, 2024 டிசம்பரோடு நின்றது. ஒரு தொழிலின் ஆயுளைவிடச் சலுகையின் ஆயுள் குறைவு என்பதைச் சிறுதொழில் நடத்துபவர்கள் பாடநூல் எழுதுபவர்களைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

கேள்வி (வாசகி, உடுமலைப்பேட்டை): எங்கள் தேங்காய் நார் மில்லில் சேரும் பித்தை (நார்க் கழிவுத்தூளை) இதுவரை வரும் விலைக்கு லாரிக்காரர்களுக்கே கொடுத்துவந்தோம். போன மாதம் ஐரோப்பாவிலிருந்து எழுதுவதாகச் சொல்லும் ஒருவர், மாதம் இரண்டு கன்டெய்னர் பித் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். வீட்டில் வேண்டாத வேலை என்கிறார்கள். எனக்கு ஆசையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உங்கள் ஆசைக்கு அடிப்படை இருக்கிறது. மட்டையிலிருந்து நார் பிரித்த பின் விழும் பித் நாரைவிட அதிகம். ஒரு காலத்தில் அதை மலைமலையாகக் குவித்து, தீ வைத்துக் கொளுத்தவும் செய்தார்கள். நெதர்லாந்துப் பசுமைக்குடில் விவசாயிகள் தக்காளி, குடைமிளகாய், ஸ்ட்ராபெர்ரி வளர்க்க மண்ணுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தத் தொடங்கிய பின், கழிவு சரக்காகிவிட்டது. இந்தியத் தென்னை நார்த் துறையின் ஏற்றுமதி வருவாயில் இன்று மிகப் பெரிய பங்கு இந்தப் பித்தினுடையதே. பாயும் கயிறும் அதற்குப் பின்னால்தான். கையிலிருக்கும் கழிவுக்கோ உபரிக்கோ உள்ளூரில் விலை இல்லை என்பது, வளரும் நாடுகளின் சிறுதொழில்கள் ஏற்றுமதிக்குத் திரும்பும் மிக இயல்பான காரணங்களில் ஒன்று.

ஆனால் லாரியில் ஏற்றிய பித் வேறு, அவர் கேட்கும் பித் வேறு. தேங்காய் மட்டையில் உப்பு இயற்கையாகவே உண்டு. அதை நல்ல தண்ணீரால் கழுவி இறக்கினால்தான் செடியின் வேர் தாங்கும். வாங்குபவர் முதலில் கேட்கும் எண், உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் இ.சி. எனப்படும் மின்கடத்துத்திறன். ஒரு பங்கு பித்தும் ஒன்றரைப் பங்கு காய்ச்சி வடித்த நீரும் கலந்து, ஊறவைத்து, அந்தச் சாற்றில் கைக்கருவியின் முனையை விட்டால் திரையில் எண் வரும். கழுவாத பித் மிக உயர்ந்த எண்ணைக் காட்டும். கழுவியதென்று விற்கப்படுவதற்கு 0.5-க்குக் கீழே வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கருவி சில ஆயிரம் ரூபாய்தான். இந்த வாரமே வாங்கி உங்கள் குவியலில் நான்கு இடங்களில் எடுத்துப் பாருங்கள். நான்கும் நான்கு எண்ணைக் காட்டினால், நீங்கள் இன்னும் கன்டெய்னருக்குத் தயாராகவில்லை என்று பொருள். பித்தை மண்தரையில் காயவைத்தால் களைவிதை சேரும். சிமென்ட் களம் வேண்டும். அழுத்தி ஐந்து கிலோக் கட்டியாக்கும் இயந்திரம் வேண்டும். தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கழுவுவதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். கழுவிய உப்புத்தண்ணீர் எங்கே போகும் என்பதற்கும் உங்களிடம் பதில் இருக்கவேண்டும். அது பக்கத்துத் தோட்டக் கிணற்றுக்குப் போனால் வெளிநாட்டுக்காரருக்கு முன்னால் ஊர்க்காரர்கள் உங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் எழுதியவரைப் பொறுத்தவரை, ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு விசாரியுங்கள். அவருடைய நிறுவனப் பதிவு எண்ணையும் நிறுவனத்தின் பெயரிலேயே அமைந்த மின்னஞ்சலையும் கேளுங்கள். சாம்பிளுக்கான கூரியர் செலவை அவரே ஏற்கச் சொல்லுங்கள். மெய்யான வணிகர் அதற்குத் தயங்கமாட்டார். பதிவுக் கட்டணம், அனுமதிக் கட்டணம் என்று உங்களிடம் அவர் பணம் கேட்டால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிடலாம். ஆர்டர் உறுதியானால் 30 விழுக்காடு முன்பணம், மீதி கப்பல் ரசீதின் நகலைக் கண்டதும் என்று பேசுங்கள். மூல ரசீது உங்கள் கையில் இருக்கும்வரை சரக்கும் உங்களுடையது. வெளிநாட்டுப் பணம் வராமல் போனால் ஈடு தருவதற்கென்றே 1957 முதல் இயங்கும் இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனம், காப்பீடு கொடுக்குமுன் வாங்குபவரின் நிலையை விசாரித்தும் சொல்லும். மாதம் இரண்டு கன்டெய்னர் என்பதற்கு இப்போது ஒப்புக்கொள்ள வேண்டாம். முதல் ஆண்டு, கட்டி அழுத்தி அனுப்பும் ஓர் உள்ளூர் ஏற்றுமதியாளருக்குக் கழுவிய பித்தைக் கொடுங்கள். வீட்டில் இருப்பவர்களின் எதிர்ப்பும் அதற்குள் தானாக அடங்கும்.

கேள்வி (வாசகர், திண்டுக்கல்): எனக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஏற்றுமதி செய்ய முடியுமா?

பதில்: முடியும். திருப்பூரின் முதல் தலைமுறை ஏற்றுமதியாளர்களில் பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்கள் ஏராளம்; கடிதம் எழுத மெர்ச்சண்டைசர் என்று ஒருவரை வைத்துக்கொண்டார்கள். உடன்படிக்கையின் ஒவ்வொரு வரியையும் உங்கள் சம்பளக்காரர் அல்லாத ஒருவரிடமும் கொடுத்துப் படித்துக் கேளுங்கள், அது போதும்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மதுரை): ஏற்றுமதிக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். உள்நாட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை, ‘எக்ஸ்போர்ட்டர்’ என்ற பெயருக்காகவும், டாலர் ஏறுகிறது என்பதற்காகவும் மாற்றிக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இது வெறும் மோகம் என்பது என் கருத்து.

பதில்: பெயருக்கான ஆசையை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். கூட்டு வட்டியும் அடக்கவிலையும் மட்டுமே மனிதரை நடத்துகின்றன என்று நம்பும் ஆய்வாளர்கள் விட்டுவிடும் காரணம் இது. குடும்பத் தொழிலில் படித்து வந்த மகனோ மகளோ, திருப்பூர் காதர்பேட்டைக் கடையில் உட்கார்ந்து மொத்த வியாபாரம் பார்க்க விரும்புவதில்லை. ஐரோப்பியப் பையரோடு பேசும் வேலை என்றால் ஊரிலேயே இருக்கச் சம்மதிக்கிறார்கள். அடுத்த தலைமுறையைத் தொழிலில் தக்கவைத்துக்கொள்வதற்காக ஏற்றுமதியைத் தொடங்கிய தந்தையர் பலர். அது மோகமென்றால், அந்த மோகம் பல கம்பெனிகளை இழுத்து மூடாமல் காப்பாற்றியிருக்கிறது.

நாணய மதிப்பைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதோடு முழுமையாக உடன்படுகிறேன். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டே நாள் இடைவெளியில் இரு தவணைகளாகக் குறைக்கப்பட்டபோது, அதே டாலர் விலைக்கு ரூபாய் கூடுதலாகக் கிடைத்ததைக் கண்டு புதிதாக வந்தவர்கள் பலர். சில மாதங்களில் பையர் அந்தக் கணக்கைத் தானும் போட்டு விலையைக் குறைக்கச் சொன்னார். சாயம், இயந்திரப் பாகங்கள் முதலிய இறக்குமதிப் பொருள்களின் விலையும் ஏறியது. நாணயம் சரிவதை மட்டும் நம்பி நுழைவது, நூல் விலையை நம்பிப் பந்தயம் கட்டுவதைப்போலத்தான் முடியும்.

ஆனால் உள்நாட்டுத் தொழிலை ‘மாற்றியது’ தான் தவறு, ஏற்றுமதியைச் ‘சேர்த்தது’ தவறன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூரில் அமெரிக்கப் பையர் ஒருவரையே நம்பியிருந்தவர்கள் தைத்த சரக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். ஐரோப்பாவுக்கும் பாதி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுவிட்டார்கள். உள்நாட்டு பிராண்டையும் விடாமல் வைத்திருந்தவர்கள் அதைவிட நன்றாக மூச்சுவிட்டார்கள். ஒரே சந்தையை நம்பியிருக்கக் கூடாது என்ற அச்சமும் ஏற்றுமதிக்கு ஒரு நல்ல காரணம்தான். அதே அச்சம் ஏற்றுமதியாளரையும் விட்டுப்போகக் கூடாது.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): நாங்கள் ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மாவு), பனங்கட்டி, மிளகாய்த்தூள் ஆகியவற்றைப் பொதிசெய்து விற்கிறோம். கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவினர் மூலம் சிறு அளவில் அனுப்பத் தொடங்கினோம். இதை ஏற்றுமதி என்று சொல்லலாமா? பெரிதாக்க முடியுமா?

பதில்: சொல்லலாம். வெளிநாட்டுச் சந்தையைப் பற்றிய பயத்தில் பெரும்பகுதி அங்கே யாரையும் தெரியாது என்பதுதான்; உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. சீனர், லெபனானியர், குஜராத்தியர் எனப் பல சமூகங்களின் வெளிநாட்டு வணிகமும் இப்படித்தான் புலம்பெயர்ந்த உறவினரின் கடை அலமாரியிலிருந்து வளர்ந்தது. 2022-ல், மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த இலங்கை நாணயம் மே மாதத்துக்குள் 360-ஐ ஒட்டிச் சரிந்தபோது, வெளியிலிருந்து வரும் பணம் எவ்வளவு பெறுமதியானது என்பதை உங்கள் பகுதியில் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

பெரிதாக்க நினைத்தால், உறவினரின் பயணப்பெட்டியில் போன வரை யாரும் கேட்காத கேள்விகள் எழும். கனடாவில் பொதியின் மேல் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மிளகாய்த்தூள் போகவேண்டுமானால், பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மழைக்காலத்தில் சரியாகக் காயாத மிளகாய் அந்த அளவை எளிதில் தாண்டும். எனவே மிளகாயைப் பிறகு பார்த்துக்கொண்டு, போட்டி குறைந்த பனைப் பொருள்களில் கவனம் வைக்கலாம் என்பது என் யோசனை; 1978 முதல் இயங்கும் பனை அபிவிருத்திச் சபையையும், 1979-ல் அமைந்த ஏற்றுமதி அபிவிருத்திச் சபையையும் அணுகுங்கள். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும்: ஒடியற் கூழின் சுவை தெரிந்த தலைமுறைக்கு அங்கே வயதாகிறது. அங்கேயே பிறந்த பிள்ளைகள் வாங்கும் வடிவில் பனங்கட்டியைக் கொடுக்க இப்போதே முயலவேண்டும்.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர், திருச்சி): திறமையான நிறுவனங்கள்தாம் ஏற்றுமதி செய்கின்றனவா, ஏற்றுமதி செய்வதால் நிறுவனங்கள் திறமை பெறுகின்றனவா? தொழில் நடத்துபவர்கள் ‘கற்றுக்கொள்ளத்தான் ஏற்றுமதிக்கு வந்தோம்’ என்று சொல்வதை நம்பலாமா?

பதில்: பொருளியலாளர்களிடையே நெடுநாள் நடக்கும் வழக்கு இது. கொலம்பியா, மெக்சிகோ, மொராக்கோ ஆகிய மூன்று நாடுகளின் ஆலைக் கணக்குகளை வைத்து 1998-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, ஏற்றுமதிக்கு வருமுன்பே அந்த நிறுவனங்கள் மற்றவற்றைவிடத் திறமையாக இருந்தன என்றும், வந்தபின் செலவு பெரிதாகக் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றும் கூறியது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அந்த முடிவுக்குத்தான் வரமுடியும்.

எகிப்தின் நைல் கழிமுகத்திலுள்ள ஃபோவா என்ற கம்பள நெசவு ஊரில் பிற்பாடு நடந்த ஆய்வு வேறு வழியில் சென்றது. அங்குள்ள சிறு நெசவாளர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் வெளிநாட்டு ஆர்டர் கிடைக்கும்படி செய்தார்கள். எனவே ஆர்டர் பெற்றவர்கள் முன்பே திறமைசாலிகள் என்ற வாதத்துக்கு இடமில்லை. ஆர்டர் பெற்றவர்களின் லாபம் பெறாதவர்களைவிட 16 முதல் 26 விழுக்காடுவரை கூடியது. மணிக்கு நெய்த சதுர மீட்டர் குறைந்தது. ஏனென்றால் விளிம்பு நேராகவும் முடிச்சு இறுக்கமாகவும் நெய்ய நேரமாகிறது. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது: இரு தரப்பு நெசவாளர்களையும் அழைத்து, ஒரே தறியில் ஒரே நூலைக் கொடுத்து, உள்ளூரில் விற்கும் ஒரே மாதிரிக் கம்பளத்தை நெய்யச் சொன்னார்கள். ஏற்றுமதி ஆர்டர் செய்து பழகியவர்கள் நெய்தது தரத்தில் மேலாக இருந்தது, நேரமும் கூடுதலாகவில்லை. கை கற்றுக்கொண்டிருந்தது. 1998 ஆய்வில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், ஆலைக் கணக்கில் செலவும் அளவும் இருக்கின்றன, விளிம்பு நேராக இருப்பது எழுதப்படுவதில்லை.

எனினும் ‘கற்றுக்கொள்ள வந்தோம்’ என்பது பின்னாளில் சொல்லும் காரணமென்றே நினைக்கிறேன். ஏற்றுமதிக்கு வருபவர் பணத்துக்கோ பெயருக்கோ வருகிறார். கற்றல் அவர் விரும்பாவிட்டாலும் நேர்கிறது. பாகிஸ்தானின் சியால்கோட்டில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மிஷன் மருத்துவமனையின் அறுவைக் கருவிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்த கொல்லர்களிலிருந்து ஒரு பெரிய ஏற்றுமதித் தொழில் வளர்ந்தது. 1994-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தரக்குறைவைக் காரணம் காட்டி அந்த ஊர்க் கருவிகளைத் துறைமுகத்தில் தடுத்தது. ஒருவர் கருவி கெட்டால் எல்லோருடைய சரக்கும் நிற்கும் என்ற நிலையில், ஒருவரையொருவர் போட்டியாளராக மட்டுமே பார்த்துவந்த நூற்றுக்கணக்கான சிறு உரிமையாளர்கள், தங்கள் சங்கத்தின் வழியாக வெளிநாட்டு வல்லுநரை வரவழைத்து, தர நடைமுறைகளைப் பயின்று, ஏற்றுமதியை மீட்டார்கள். தடை வந்திராவிட்டால் அந்தப் பயிற்சிக்கு அவர்களில் எத்தனை பேர் பணம் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (அப்பளத் தொழில் செய்பவர், விருதுநகர்): மலேசியாவிலிருந்து ஒருவர் கேட்கிறார். காகித வேலைகளை எங்கே தொடங்குவது?

பதில்: ஜி.எஸ்.டி. பதிவும், நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கும், உணவுப் பாதுகாப்பு உரிமமும் உங்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஏற்றுமதிக்குரிய மத்திய உரிமம் தனி என்பதைச் சரிபாருங்கள். அடுத்தது, வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெறவேண்டும். ஏஜென்ட்டுகள் இதற்குப் பல ஆயிரம் கேட்பார்கள், தேவையில்லை. பிறகு, வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு அனுமதி பெற்ற உங்கள் வங்கிக் கிளையின் ஏ.டி. குறியீட்டு எண்ணைச் சுங்கத்துறையில் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு மட்டும் தூத்துக்குடியில் ஒரு நல்ல கஸ்டம்ஸ் ஏஜென்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டுத் தொடக்கத்திலும் புதிதாகக் கொடுக்கவேண்டும். ஐ.இ.சி. எண்ணுக்கு ஆயுள் முழுதும் செல்லுபடி என்று சொல்லிவிட்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை விவரங்களை இணையத்தில் உறுதிசெய்யாவிட்டால் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். சரக்கு துறைமுகத்துக்குப் போனபின் அது தெரியவந்து தவித்தவர்கள் இருக்கிறார்கள். ஜூன் மாதத்துக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.